கடைசி நாற்காலி

"முதல்ல வந்தது நாங்கதானேம்மா?"

"தெரியும். உக்காருங்க." உதவியாளர் அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மருந்துக்கடைக்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தொகுதி உறுப்பினரைப் பார்க்க வேண்டும் என்று கடையை மூடிவிட்டு, அலுவலகக் கதவு திறக்கும் முன்பே சித்தப்பாவோடு வந்து நின்றவள் அவள். வந்த விஷயத்தை விவரமாகக் கேட்டுக்கொண்ட இந்த அம்மா, கையைக் காட்டியது மூலையில் இருந்த கடைசி நாற்காலிகளை.

அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாம் ஜம்மென்று உள்ளே போனார்கள். செங்கல் சூளைக்காரர் போனார். பஸ் முதலாளி போனார். உறுப்பினரோடு படம் எடுத்துக்கொள்ள வந்த புதுமணத் தம்பதிகூடப் போய்விட்டு வந்தாயிற்று.

உள்ளே மணி அடிக்கும். உடனே அம்மா கதவைத் திறந்து, "அடுத்தவங்க காத்துக்கிட்டிருக்காங்க" என்பாள். உள்ளே இருப்பவர் பாதிப் பேச்சோடு வெளியே வருவார்.

"இந்தம்மாவுக்குப் 'பூட்டு'ன்னு பேர் வெச்சானே, அவன் வாயில சர்க்கரையைப் போடணும்" என்றார் சித்தப்பா.

ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்லி ஓய்வு பெற்றவர் அவர். ரகசியம் பேசினாலும் அடுத்த பிளாட்பாரத்துக்குக் கேட்கும். அந்த அம்மாவுக்கும் கேட்டது. அசையவில்லை.

"சும்மா இருங்க சித்தப்பா. நமக்குக் காரியம் ஆகணும்."

சாதாரணக் காரியமா அது? அவளுடைய தம்பி கடல் தாண்டி ஒரு மலைக் கிராமத்தில் தன்னார்வத் தொண்டனாகப் போய்ப் பாடம் நடத்துகிறான். அந்தப் பள்ளிக்கே அவன் ஒருவன்தான் வாத்தியார். இப்படிப் போகிறவர்களுக்கும் அந்தப் பள்ளிகளுக்கும் அரசு கொடுக்கும் உதவியை நிறுத்திவிடலாமா என்று நாளைக்கு நாடாளுமன்றத்தில் ஓட்டெடுப்பு. நிறுத்தினால் தம்பி வருஷ நடுவில் மூட்டை கட்ட வேண்டியதுதான். பள்ளியும் அன்றோடு சரி. இந்த உறுப்பினரோ இன்னும் மதில்மேல் பூனை.

காத்திருந்தவர்கள் எல்லாரும் போய், அறை காலியானது.

'உள்ள போனதும் முதல் வேலை, இந்தம்மா மேல புகார்தான்' என்று மருந்துக்கடைக்காரி கருவிக்கொண்டே எழுந்தாள்.

"என்னைப் பத்திப் புகார் சொல்றதா இருந்தா கடைசியில சொல்லுங்க" என்றாள் அந்த அம்மா, ஏதோ வெயிலைப் பற்றிப் பேசுவதுபோல. "முதல்ல பிள்ளைங்களைப் பத்திச் சொல்லுங்க."

உறுப்பினர் களைத்துப் போயிருந்தார். இரண்டு வாக்கியம் கேட்டதுமே கையை உயர்த்தினார்.

"நம்ம ஊர்ப் பள்ளிக்கூடமே ஒழுகுது. கடல் தாண்டி எதுக்கும்மா அள்ளிக் குடுக்கணும்? சரி, பார்க்கலாம்." மணியை அழுத்தினார்.

யாரும் வரவில்லை.

மறுபடி அழுத்தினார். ஊஹும். மணிக்குக்கூட எழுந்து வர முடியாத சோம்பேறியா அந்தப் பொம்பளை! ஆனால் கிடைத்த நேரத்தை விடுவானேன்? மருந்துக்கடைக்காரி சட்டென்று போனை எடுத்து மேஜைமேல் வைத்தாள். தம்பி அனுப்பிய ஒலிப்பதிவு.

ஒரு சிறுமி பாடம் படிக்கிறாள். மொழி புரியவில்லை. ஒரு சொல்லில் தடுக்கி நிற்கிறாள். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறது. மெல்ல மெல்ல அவளே கூட்டிப் படித்துவிடுகிறாள். கைதட்டல் காதைப் பிளக்கிறது.

உறுப்பினரின் விரல் மணியிலிருந்து விலகியிருந்தது.

"உங்க தம்பி திரும்பி வந்துட்டா, அந்தப் பொண்ணு என்ன பண்ணும்?"

"தண்ணி சுமக்கப் போயிடும், ஐயா."

மருந்துக்கடைக்காரி போனை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் தள்ளினாள்.

"நம்ம பள்ளிக்கூரைக்காகவும் உங்ககிட்ட வருவோம் ஐயா, விட மாட்டோம். ஆனா கூரையைக் கொஞ்ச நாள் தள்ளிக்கூடப் போட்டுக்கலாம். படிப்பு விட்ட பொண்ணை மறுபடி கூட்டிட்டு வர முடியாது."

அவர் இன்னொரு முறை அந்தப் பதிவைப் போடச் சொன்னார். அப்புறம் கேள்வி கேட்டார், பதில் கேட்டார், மறுபடி கேள்வி கேட்டார். எழுந்து அவர்களோடு கதவுவரை வந்தார்.

"நாளைக்கு என் ஓட்டு உங்க பக்கம்தாம்மா. ஒரு விஷயத்தை முழுசாக் கேட்டு எத்தனை நாளாச்சு!"

சந்தோஷத்தில் புகார் மறந்தே போயிருந்தது. வெளியே அந்த அம்மா ஹாயாகச் சாப்பாட்டு டப்பாவை மூடுவதைப் பார்த்ததும்தான் ஞாபகம் வந்தது.

"ஏம்மா, உள்ள அத்தனை தரம் மணி அடிச்சாரே, உங்க காதுல விழலையா?"

"விழுந்துச்சு."

"பின்ன?"

"அடுத்து ஆள் உக்காந்திருந்தா நான் கதவைத் திறந்தே ஆகணும். அதான் உங்களுக்குப் பின்னாடி யாரும் வராத இடமாப் பார்த்து உக்கார வெச்சேன்."

மருந்துக்கடைக்காரிக்கு வெட்கமாக இருந்தது. "இதை... முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா?"

"உங்க சித்தப்பாவைப் பக்கத்துல வெச்சுக்கிட்டா?"

வாழ்க்கையில் முதல்முறையாகச் சித்தப்பா குரலைத் தாழ்த்திப் பேசினார். "தப்பா நினைச்சுட்டோம் தாயி. எங்களுக்காக எதுக்கு இவ்வளவு?"

அந்த அம்மா டப்பாவைப் பைக்குள் வைத்தாள்.

"நான் பொறந்த ஊருக்கும் இப்படித்தான் கடல் தாண்டி ஒரு டீச்சர் வந்தாங்க. வருஷ நடுவுல அவங்க அரசாங்கம் திருப்பிக் கூப்பிட்டுக்கிச்சு. அன்னிக்கு எங்களுக்காக இந்த மாதிரி வந்து உக்கார ஒருத்தரும் இல்ல."