வாய் மூடியும் கேட்ட குரல்

“ஒரே ஒரு கண்டிஷன். பதிவானதை என் மனைவி கேட்கக் கூடாது. அவளே கெஞ்சினாலும் நீங்க போட்டுக் காட்டக் கூடாது.”

வந்ததும் வராததுமாக அவர் சொன்னது இதுதான். பாடப் போவதே அந்த அக்காதான். அவங்க குரலை அவங்களே கேட்கக் கூடாதாம்! பத்து வருஷமாக ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். எத்தனையோ கிறுக்குகளைப் பார்த்தாச்சு. இது புது ரகம்.

“இயர்போனும் எங்களுதுதான். மியூசிக் என் போன்லேர்ந்து ஓடும். நீங்க குரலை மட்டும் பிடிங்க.”

‘அதையும் நீரே பிடிச்சுக்க வேண்டியதுதானே’ என்று நாக்கு நுனி வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

அக்கா கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பாடும் அறைக்குள் தனியாகப் போய் நின்றார். கழுத்தில் குறுக்காக ஒரு தழும்பு. பக்கத்துக் கட்டடத்தில் சுவரைக் குடைந்துகொண்டிருந்தார்கள். என் உசத்தியான மைக் அதையும் சேர்த்து வாங்கிவிடும் என்று டைனமிக் மைக்கை வைத்தேன். அது வாய்க்குப் பக்கத்தில் இருந்தால்தான் வாங்கும்.

“நல்லா ஒட்டி நின்னு பாடுங்கக்கா.”

பாடினார். மீட்டர் அசையவே இல்லை.

மைக் சத்தத்தைப் பெருக்கும் கெயினைக் கூட்டினேன். பாதி. முக்கால். குமிழ் இனி திரும்பாது என்கிற வரைக்கும். ஹெட்போனில் ‘புஸ்’ஸென்று இரைச்சல். அதற்குள் நைந்து போன துணி மாதிரி அக்கா குரல். பாவமாக இருந்தது.

அப்போதுதான் இன்னொரு குரல் கேட்டது.

ஒரு பெண் குரல். எங்கேயோ தூரத்தில். அதே பாட்டு, அதே வரி, சுருதி பிசகாமல்.

அக்கா எச்சில் விழுங்க வாயை மூடினார். அந்தக் குரல் நிற்கவில்லை. பாடிக்கொண்டே இருந்தது.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கண்ணாடி வழியே பார்த்தேன். உள்ளே அக்காவைத் தவிர ஈ, காக்கா இல்லை. அவர் மூடின வாயோடு நேராக என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“சார்... உள்ள வேற யாரோ பாடுறாங்க சார்.”

என் பக்கத்தில் நின்ற கணவரின் முகம் வெளுத்துவிட்டது. “கெயினைக் குறைங்க.”

“குறைச்சா அக்கா குரல் சுத்தமா விழாது.”

“விழ வேண்டாம். குறைங்க தம்பி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

கையெடுத்துக் கும்பிட்டே விட்டார். குறைத்தேன். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“அதுவும் அவதான் தம்பி. ஆபரேஷனுக்கு முன்னாடி பாடினது. மியூசிக்கோட கலந்து வெச்சிருக்கேன். இயர்போன்லேர்ந்து கசிஞ்சிருக்கு. பேசுற குரல்தான் கம்மிப்போச்சு, பாட்டுக்குரல் அப்படியே இருக்கு, காதுல கேட்கறது அதுதான்னு நம்பிக்கிட்டிருக்கா.”

“வீட்டுக்குப் போய் இதைப் போடச் சொன்னா?”

“பழசைப் போட்டுக் காட்டுவேன். மாசம் ஒரு ஸ்டூடியோ மாத்திடுறேன், யாரும் உளறிடக் கூடாதுன்னு. குரல் போச்சுன்னு தெரிஞ்சா அவ உசிரோட இருக்க மாட்டா.”

அடக் கடவுளே, இந்த மனுஷனையா கிறுக்குன்னு நினைச்சேன்!

பாட்டு முடிந்து அக்கா வெளியே வந்தார். “எப்படித் தம்பி வந்திருக்கு?”

“கணீர்னு இருக்குக்கா!” வாய் கூசாமல் பொய் சொன்னேன்.

கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு காரை எடுக்கப் போனார். படியில் அவர் காலடிச் சத்தம் இறங்கி அடங்கும்வரை அக்கா அசையவில்லை. பிறகு என் பக்கம் குனிந்தார். பேச்சில் பாதி காற்றுதான் வந்தது.

“நான் வாயை மூடினதும் பயந்துட்டீங்கல்ல? முதல் நாள் நானும் இப்படித்தான் பயந்தேன். அப்புறம் புரிஞ்சுக்கிட்டேன்.”

“அக்கா...”

“ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டது அவர்தான், தம்பி. குரல் போனது எனக்குத் தெரியும்னு மட்டும் அவர்கிட்ட சொல்லிடாதீங்க. மனுஷன் தாங்க மாட்டார்.”