நீல ஒளிப் படம் வரும்வரை

சிலி நாட்டின் அட்டகாமா மலையுச்சி வானாய்வகத்தில் கீழ்வானம் வெளுக்கிறது. பால்வீதியின் துணை விண்மீன் மண்டலமான மெகல்லன் மேகத்தில், விண்மீன்கள் நெருக்கியடிக்கும் நடுப்பட்டையில், ஒன்று மட்டும் ஒளி கூடிக்கொண்டே வருகிறது. மற்ற நாட்டுத் தொலைநோக்கிகளையும் அதன்பக்கம் திருப்பச் சொல்வதா என்று மகாலிதான் முடிவுசெய்ய வேண்டும். போன மாதம் அவள் திருப்பச் சொன்னது, தானாகத் துடிக்கும் சாதாரண விண்மீன். "மறுபடியும் ஊரைக் கூட்டி அசடு வழியப் போறியா?" என்று ரொட்டியை மென்றபடி தொலைநோக்கிக் கூடத்தின் கூரையை மூட வருகிறான் நிபால்தோ. "இரு. தானாத் துடிச்சா நிறம் மாறும். நமக்கும் அதுக்கும் குறுக்க இருட்டா ஏதோ போய், அதோட ஈர்ப்பு வெளிச்சத்தைக் குவிச்சா மாறாது. சிவப்பு ஒளியில எடுத்தாச்சு, நீல ஒளிப் படமும் வரட்டும்." திரையில் நீலக் கோடு சிவப்புக் கோட்டின்மீதே படிந்து ஏறுகிறது; நிறம் மாறவில்லை. மகாலி செய்தியை அனுப்புகிறாள். "இப்ப மூடு," என்கிறாள். "ஆஸ்திரேலியாவுல இப்பத்தான் இருட்டுது. அவங்க பாக்கட்டும்."