இறங்காத கை

"அறுநூறு டாலர்!" என்று ஏலத்தில் முதல் ஆளாக விலை கேட்டு எல்கான் அட்டையைத் தூக்கினார்.

"எழுநூறு" என்றது கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் குரல்.

எல்கான் திரும்பிப் பார்த்தார். சாம்பல் நிறக் கோட்டு, தேய்ந்த கைப்பை, அறுபதைத் தாண்டிய முகம். ஜெருசலேமில் நடக்கிற எந்த ஏலத்திலும் அவர் பார்த்திராத முகம்.

"யாருப்பா இது?"

பக்கத்தில் இருந்த பினியா பழம்பொருள் வியாபாரி. ஊர் வம்பு அத்தனையும் அவருக்கு அத்துப்படி. எட்டிப் பார்த்துவிட்டுக் கிசுகிசுத்தார்.

"அநியாயத்தைக் கேளு. பொருளே அந்தம்மாவோடதுதான்யா! போன மாசம் இங்க குடுத்துட்டு ரசீது வாங்கினதை என் கண்ணால பார்த்தேன். விலையை ஏத்திவிட வந்து உக்காந்திருக்கு."

எல்கானுக்குச் சுரீரென்றது.

மேடையில் இருந்தது ஒரு நீளத் துணிப்பட்டை. விம்பல். யூதர் வழக்கப்படி, பிறந்த எட்டாம் நாள் சடங்கில் ஆண்குழந்தையைச் சுற்றிய துணியைக் கிழித்து இணைத்து, அம்மா அதில் பிள்ளையின் பெயரைப் பூவேலையாகத் தைப்பாள். மூன்று வயதானதும் அவன் அப்பாவின் தோளேறிப் போய், தோரா என்னும் வேதச் சுருளைச் சுற்றிக் கட்டுவதற்கு அதை ஜெப ஆலயத்தில் கொடுப்பான்.

எல்கானும் கொடுத்தவர்தான், ஜெர்மனியில், அவருடைய கிராமத்தில். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டில் நாஜிகள் ஆலயத்தைக் கொளுத்தினார்கள். அங்கிருந்த அத்தனை விம்பலும் சாம்பல். அம்மா தைத்ததில் ஒரு நூல்கூட அவரிடம் இல்லை.

முப்பது வருஷமாக வெள்ளிக் கிண்ணம், விளக்கு, பழைய ஏடு என்று எவ்வளவோ ஏலத்தில் எடுத்துவிட்டார். மனசு அடங்கவில்லை. தன்னுடையதுதான் போயிற்று, தங்கள் பக்கத்துப் பிள்ளை ஒருவனுடையதாவது கிடைக்காதா என்று ஏங்கிக்கொண்டே இருந்தார். இன்றைக்குத்தான் ஒன்று வந்திருக்கிறது.

'சிம்சோன், தோராவுக்கு வளரட்டும்' என்பதோடு ஊசி நின்றிருந்தது. 'மணப்பந்தலுக்கும் நற்செயலுக்கும்' என்பது வெறும் பென்சில் கோடு. '1936, வேலை முடியாதது, மதிப்பு குறைவு' என்று ஏலப் பட்டியலில் போட்டிருந்தார்கள்.

"எழுந்து கத்துய்யா. சொந்தப் பொருளுக்குச் சொந்தக்காரங்களே விலை கேக்கக் கூடாது" என்றார் பினியா.

"கத்தினா ஏலத்தை நிறுத்திப் பொருளை அந்தம்மாகிட்டயே குடுத்துடுவாங்க. அப்புறம் நான் எங்க போய்த் தேடுறது?"

"அப்ப ஏமாறு."

"ஏமாந்துட்டுப் போறேன், விடு."

ஆயிரம். ஆயிரத்து இருநூறு. எல்கான் ஒன்று சொன்னால் கடைசி வரிசை ஒன்று சொன்னது. இரண்டாயிரத்தில் பினியாவுக்குப் பொறுக்கவில்லை.

"பைத்தியமாய்யா நீ? அது பழம்பொருளே இல்ல. உன்னைவிடச் சின்னது!"

"ஆமா. ஆறு வயசு சின்னது."

"வீட்ல பொண்டாட்டி யூதித்துக்கு என்ன பதில் சொல்லுவே?"

"வெள்ளி விளக்கை வித்துட்டேன்னு சொல்லுவேன்."

"மூவாயிரம்!" என்றார் எல்கான். இருப்பதையெல்லாம் விற்றாலும் அதற்கு மேல் போக முடியாது.

கடைசி வரிசை பேசவில்லை. சுத்தியல் விழுந்தது.

கிடைத்துவிட்டது. ஆனால் வயிற்றெரிச்சல் அடங்கினால்தானே? எல்கான் நேராக அந்த அம்மாவின் முன்னால் போய் நின்றார்.

"நல்லா இருக்கும்மா உங்க வியாபாரம்! பச்சைக் குழந்தை துணியக் காட்டிப் பணம் கறக்க எப்படிம்மா மனசு வந்துச்சு?"

அவள் எழுந்து மேடைப் பக்கம் நடந்தாள்.

"என் பேரு ரெகா. இந்தத் துணியை விக்கக் குடுத்தது நான்தான். அதனால நான் கேட்ட விலை எதுவும் செல்லாது. இந்த ஐயா முதல்ல கேட்டாரே, அந்த அறுநூறுக்கே குடுத்துடுங்க."

ஏலக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, மூவாயிரத்துக்குப் போயிருக்கும்மா!"

"தெரியும்."

பினியா, யாரோ கூப்பிட்டது போல, மெல்ல வேறு பக்கம் நகர்ந்துகொண்டார்.

எல்கான் அவள் பின்னாலேயே மேடைக்கு வந்தார். "பின்ன எதுக்கும்மா இவ்வளவு தூரம் இழுத்தீங்க?"

"சிம்சோன் என் தம்பி. ஜெர்மனியில எங்க ஊர் ஆலயம் எரிஞ்சப்ப அவனுக்கு மூணு வயசு ஆகலை. இது வீட்லயே இருந்துச்சு, தப்பிச்சுது. அடுத்த மாசமே என்னை மட்டும் ரயிலேத்தி இங்கிலாந்துக்கு அனுப்பினாங்க. 'பத்திரமா வெச்சிரு ரெகா, நான் வந்து மீதியை முடிச்சுடறேன்'னு அம்மாதான் என் பெட்டியில வெச்சாங்க. நாப்பத்தெட்டு வருஷமாச்சு, யாருமே வரலை. அம்மா எழுதின பென்சில் மேல ஊசி வைக்க எனக்குக் கை வரலை."

"அதை ஏம்மா விக்கணும்?"

"எனக்குப் புள்ளகுட்டி இல்லை. டாக்டரும் வருஷக் கணக்கை விட்டுட்டு மாசக் கணக்குல பேச ஆரம்பிச்சுட்டார்."

எல்கான் தலைகுனிந்தார். அவள் துணியை எடுத்து, தூங்குகிற குழந்தையைக் கைமாற்றுவது போல அவரிடம் நீட்டினாள்.

"சல்லிசா வாங்கறவங்க வீட்டுல அவன் ஏதோ ஒரு அலமாரி அடியில கிடப்பான். அதான் ஐயா, எவ்வளவு ஏத்தினாலும் இறங்காத கை ஒண்ணு இருக்கான்னு பார்த்தேன்."