உள்ளே விடும் துணி

“இந்த வருஷமாவது ஏதாவது திட்டம் வச்சிருக்கியாடி? இல்ல, வழக்கம்போல ஈ ஓட்டப் போறியா?” என்று அக்கா கேட்டாள்.

அக்கா மாதச் சம்பளக்காரி. தையல் மெஷினை நம்பி இருக்கும் எனக்கு ஒரு மாதம் சாப்பிட நேரமிருக்காது. அடுத்த மாதம் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பிருக்காது.

ஆனாலும் சொன்னேன். இந்த வருடம் துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷின் வாங்க வேண்டும். தவணை கட்ட ஒரு பெண்மணியின் ஆர்டர் இருக்கிறது.

ஒவ்வொரு வருடத் தொடக்கத்திலும் வருவாள். தன் மகளுக்கு மாதம் ஒரு கவுன், வருடம் முழுவதற்கும். எனக்கு நிச்சயமான வேலை அது ஒன்றுதான்.

மகளை ஒருநாளும் அழைத்து வந்ததில்லை. அளவுகளை வாயால் சொல்வாள்.

இந்த முறை கிளம்பும்போது, “உள்ள துணி விடாதீங்க. இனிமே பிரிக்க வேண்டி வராது” என்றாள்.

பிள்ளைகளுக்குத் தைக்கும்போது தையலுக்குள் இரண்டு விரல் துணியை மடித்து விடுவோம். பிள்ளை வளர வளரப் பிரித்துக்கொள்ளலாம்.

வேண்டாமென்றால் துணி மிச்சம் என்றுதான் நினைத்தேன்.

முதல் கவுனை முடித்து, வழக்கம்போல என் மகளுக்குப் போட்டுப் பார்த்தேன். தோள் சரி. இடுப்பு சரி. நீளம் சரி.

போன வருடமும் சரியாக இருந்தது. அதற்கு முந்தைய வருடமும். இவள் வளர்ந்த அளவுக்கே அந்தப் பிள்ளையும் வளர்ந்து வந்திருக்கிறது.

“எனக்கே தச்ச மாதிரி இருக்கும்மா” என்று மகள் ஒரு சுற்று சுற்றினாள்.

வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். வளராத பிள்ளைக்குத்தான் பிரிக்க வேண்டி வராது. கழற்றச் சொன்னேன்.

மறுபடி துணி வெட்டினேன். இரண்டு விரலோடு நிறுத்தவில்லை, தையல் தாங்கும் மட்டும் நிறையத் துணியை உள்ளே விட்டேன். பக்கவாட்டில், தோளில், கீழ் மடிப்பில். வெளியிலிருந்து பார்த்தால் அதே கவுன்தான்.

தெரிந்தால் ஆர்டர் போகும். மெஷினும் போகும். போகட்டும்.

கவுனை வாங்க வந்தவள் அதை உள்புறமாகத் திருப்பினாள். இதுவரை அப்படிச் செய்ததில்லை. அவள் நகம் தையல்மேல் மெதுவாக நகர்ந்தது. துணி தடித்த இடத்தில் நின்றது.

“பிரிக்க வேண்டி வரும்ங்க” என்றேன்.

வீட்டை மறைக்கும் திரைக்கு அந்தப் பக்கம் என் மகள் வாய்விட்டுப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்மணி தலையைச் சாய்த்து, பாடத்தில் ஒரு பக்கம் முடியும்வரை கேட்டாள்.

பிறகு கவுனை நேராக்கினாள். திரையை விலக்காமல், கையை மட்டும் உள்ளே நீட்டி, என் மகளின் சீருடை தொங்கும் ஆணியில் மாட்டினாள். தடவித் தேடவில்லை.

அங்கே ஒரு ஆணி இருப்பதை நான் அவளுக்குக் காட்டியதே இல்லை.

கொடுத்திருந்த முன்பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.