கைப்பைக்குள் ஒரு மாத்திரை அட்டை

மனைவியின் கைப்பையைக் குடைவது கண்ணாடிக் கடைக்காரருக்குப் புதிதில்லை. பதினெட்டு வருஷப் பழக்கம். இதுவரை சீப்பும் சில்லறையும் தவிர ஒன்றும் சிக்கியதில்லை. அன்று ஒரு மாத்திரை அட்டை சிக்கியது.

பத்தில் எட்டு காலி. அவளுக்கு லேசாகத் தலை வலித்தாலே வீட்டை இரண்டாக்கிவிடுவாள். அவருடைய மாத்திரைகளை வேளை தவறாமல் உரித்துக் கையில் கொடுத்து, விழுங்கும் வரை பக்கத்திலேயே நிற்பவள், இதை மட்டும் ஏன் ஒளித்து வைக்கிறாள்?

அவள் மாடியில் காய்ந்த துணி எடுக்கப் போயிருந்தாள். அவர் அட்டையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு நாலு தெரு தள்ளியிருந்த மருந்துக் கடைக்கு விறுவிறுவென்று நடந்தார். போன வருஷம் என்றால் வண்டி இல்லாமல் இத்தனை தூரம் வந்திருக்க மாட்டார், பாதம் அப்படி எரியும். இப்போது அதையெல்லாம் நினைக்க அவருக்கு நேரமில்லை.

"இது எதுக்குங்க கொடுக்கறாங்க?"

மருந்துக் கடைக்காரர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "மனச்சோர்வுக்குங்க. மனசு சரியில்லாம, எதுலயும் பிடிப்பில்லாம இருக்கறவங்களுக்கு. அது மட்டுமில்ல, இன்னும் சில..."

"போதும், போதும்." அட்டையைப் பிடுங்கிக்கொண்டார்.

திரும்பி வரும் வழியெல்லாம் ஒரே கேள்விதான். அவளுக்கென்ன மனச்சோர்வு? நல்ல வேலை, சொந்த வீடு, இவரைப் போல ஒரு புருஷன்.

சட்டென்று பொறி தட்டியது. அவள் ஆபீஸில் இருந்த சுருட்டைமுடிக்காரன் மாற்றலாகிப் போய் மூன்று மாதம் ஆகிறது. அவன் அடித்த ஜோக்கையெல்லாம் வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தவள், இந்த மூன்று மாதமாக ஒரு ஜோக்கும் சொல்லவில்லை.

கடை விஷயமாக இவர் ஒரு மாதம் வெளியூரில் இருந்தபோது அவள் ஒரு வேளைச் சாப்பாட்டைக்கூட விட்டதில்லை. திரும்பி வந்தபோது ஒரு சுற்று பெருத்திருந்தாள். அவன் போனதற்கோ மாத்திரை சாப்பிடுகிறாள். அதுதான் அவருக்குத் தாங்கவே முடியவில்லை.

வீட்டில் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அட்டையை அவள் மடியில் போட்டார்.

"பையைக் குடைஞ்சாச்சா?" என்றாள் நிமிராமலே. "அடுத்த அட்டை வாங்கணும், கடையில காட்டறதுக்காக எடுத்து வச்சேன்."

"பேச்சை மாத்தாதே. இது மனச்சோர்வுக்குச் சாப்பிடற மாத்திரை. கேட்டுட்டுத்தான் வர்றேன்." அட்டையை விரலால் சுட்டினார். "அந்தச் சுருட்டைமுடி போனதுலேருந்துதானே? உண்மையைச் சொல்லிடு. இன்னைக்கே பெட்டியைக் கட்டிக்கிட்டு என் தங்கச்சி வீட்டுக்குப் போயிடறேன்."

அவள் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். அவரையே பார்த்தாள். வந்தது கோபமா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை போலிருந்தது.

"இதே மாத்திரையை நரம்பு வலி, எரிச்சலுக்கும் கொடுப்பாங்க. டாக்டர் எழுதிக் கொடுத்த அன்னைக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. நீங்க எங்கே காதுல வாங்கினீங்க? அவர் என்னைப் பார்த்துச் சிரிச்சிட்டாருன்னு அவரையே முறைச்சுக்கிட்டு உக்காந்திருந்தீங்க."

"கதை விடாதே. கல்லுக்குண்டாட்டம் இருக்கே. உனக்கு எங்கே நரம்பு வலி?"

"எனக்கு இல்லைங்க. மூணு மாசமா இதைச் சாப்பிடறது நீங்க."