பன்னிரண்டாவது கவலை

"பன்னெண்டு கவலை வேணும் பாஸ்டர். மாசக் கடைசிக்குள்ள."

பிரின்சிபல் புஷ்பராணி சிவப்புப் பேனாவால் மேசையைத் தட்டினார். விடுதிப் பள்ளியின் போதகர் அப்புத்துரைக்குப் புரியவில்லை.

"யாரோட கவலை மேடம்?"

"பிள்ளைங்களோடதுதான். ஆன்மிகப் பராமரிப்புக்கும் நிர்வாகக் குழு கேபிஐ, அதான் மாச இலக்கு, போட்டுட்டாங்க. மாசம் பன்னெண்டு பேரு, கதவு மூடின ரூம்ல, இருவது நிமிஷம். ஆளுக்கு ஒரு ஃபாரம். இல்லாட்டி உங்க கான்ட்ராக்ட்ட புதுப்பிக்க மாட்டாங்க. உங்களுக்குப் பதிலா ஆப் ஒண்ணு வாங்கப் போறாங்களாம்."

"ஆப் ஜெபம் பண்ணுமா?"

"பண்ணும். மூணு மொழியில."

அப்புத்துரைக்குத் தமிழிலேயே பாதியில் சொல் மறந்துவிடும்.

"ஞாயித்துக்கிழமை ஃபெர்ரித் துறைக்குப் போயி, அழுதுட்டு வர்ற சின்னப் பிள்ளைங்கள எல்லாம் கூட்டிட்டு வர்றேனே, அதப் போடலாமா?"

"அதுக்கு ஃபாரத்துல கட்டம் இல்ல."

"கோகிலனுக்குப் பல்லு பிடுங்கினப்ப கையப் பிடிச்சிட்டு நின்னேனே?"

"கதவு மூடியிருந்துச்சா?"

"பல் டாக்டர் கூட இருந்தாரு."

"அப்ப ஆகாது லா."

மறுநாளிலிருந்து அப்புத்துரை கவலை தேடிக் கிளம்பினார். கேன்டீனில் மேசை மேசையாக நின்றார்.

"காமினி, ஏதாச்சும் கவலை இருக்காம்மா?"

"இல்ல பாஸ்டர். இன்னைக்கு மீ கோரெங்!"

"நல்லா யோசிச்சுச் சொல்லும்மா."

"மீ கோரெங் நூடுல்ஸ் பாஸ்டர், முட்டையோட."

மூன்று வாரம் போனது. ஃபைலில் ஒரு ஃபாரம்கூட நிரம்பவில்லை. தன் விடுதியில் பிள்ளைகள் சந்தோஷமாக இருக்கிறார்களே என்று ஒரு போதகர் வயிறெரிந்தது ஊரிலேயே அதுதான் முதல் முறையாக இருக்கும். வேலை போனால் தங்கியிருக்கும் குவார்ட்டர்ஸும் போகும். பிறகு நிபோங் திபாலில் அக்கா வீடுதான் கதி. ஐம்பத்தெட்டு வயதிலும் "சாப்பிட்டதும் தட்டைக் கழுவினியா?" என்று கேட்கிற அக்கா.

கடைசி வாரம், திங்கட்கிழமை, கதவு தட்டப்பட்டது. கோகிலன்.

"பாஸ்டர், எனக்கு சாமி மேல சந்தேகம்."

அப்புத்துரை நாற்காலியிலிருந்து ஏறக்குறையத் துள்ளினார். பிறகு, தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்த பையன் இவன் என்பது நினைவுக்கு வந்தது.

"எந்த சாமி மேலப்பா?"

கோகிலன் இதை எதிர்பார்க்கவில்லை. கூரையைப் பார்த்தான்.

"பொதுவா, பாஸ்டர்."

கதவை மூடினார்கள். அப்புத்துரை பேசினார், மறந்த இடங்களில் தண்ணீர் குடித்தார். சுவர்க் கடிகாரத்தில் சரியாக இருபது நிமிடம் ஆனதும் சந்தேகம் தீர்ந்து கோகிலன் எழுந்து போனான்.

அதன்பின் வரிசைதான். நிலானிக்கு வீட்டு ஏக்கம். அவள் வீடு பட்டர்வொர்த்தில். மாடிக்குப் போனால் கடலுக்கு அந்தப் பக்கம் அந்த ஊரே தெரியும். இருந்தாலும் ஏக்கம் ஏக்கம்தானே. காமினிக்கு அடக்க முடியாத கோபமாம். அதைச் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது. 'கோபம் முற்றிவிட்டது' என்று ஃபாரத்தில் எழுதிக்கொண்டார்.

பிஸ்கட்டுக்காக வருகிறார்களோ என்று ஒரு சந்தேகம் வந்தது. டின்னை அலமாரிக்கு மேலே ஒளித்தார். அப்போதும் வந்தார்கள். வியாழன் மாலைக்குள் பதினொன்று.

"இது வரம் அப்புத்துரை, வரம்" என்று கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டார். கண்ணாடியில் இருந்தவரும் அடக்கமாகத் தலையாட்டினார்.

வெள்ளி, மாதத்தின் கடைசி நாள். நாலு மணி வரை யாரும் வரவில்லை. ஐந்தும் ஆயிற்று. அக்காவின் முகம் கண்முன் வந்து போனபோது கதவு தட்டப்பட்டது.

புஷ்பராணி நின்றிருந்தார். உள்ளே வந்து, தானே கதவை மூடினார்.

"ஃபாரம் வாங்க வந்தீங்களா மேடம்? இன்னும் ஒண்ணு..."

"இல்ல பாஸ்டர். எனக்கு ஒரு பிரச்சனை." அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். "தூக்கம் வரல."

அப்புத்துரை அவரை ஏற இறங்கப் பார்த்தார். ஞாயிறுதோறும் தன் பிரசங்கத்தின்போது முதல் வரிசையில் உட்கார்ந்து நன்றாகத் தூங்குகிறவர் இவர்.

"நீங்க... கணக்குல சேருவீங்களா மேடம்?"

"விடுதியில தங்குறவங்கன்னுதான் ஃபாரத்துல போட்டிருக்கு. நானும் இங்கதான தங்குறேன்?"

மூடிய கதவுக்குப் பின்னால் அப்புத்துரை ஜெபித்தார். இந்தத் தடவை ஒரு சொல்கூட மறக்கவில்லை. இருபதாவது நிமிடம் புஷ்பராணி எழுந்தார்.

"இப்ப பரவால்ல பாஸ்டர். ஃபாரத்த இன்னைக்கே அனுப்பிடுங்க."

பன்னிரண்டு! பிரின்சிபலே தேடி வரும் அளவுக்கு! இதை யாரிடமாவது பேசாமல் இருக்க முடியாது போலிருந்தது. காலையிலிருந்து விடுதிப் பையன் ஷர்வின் காய்ச்சலில் படுத்திருக்கிறான் என்பது நினைவுக்கு வந்தது. கேன்டீனில் ஒரு கிண்ணம் கஞ்சி வாங்கிக்கொண்டு, அவன் படுத்திருந்த அறைக்கு நடந்தார்.

அறை வாசலில், பிள்ளைகளின் வாராந்தர டியூட்டி பட்டியல் ஒட்டியிருந்தது. கழிவறை கழுவுவது, மாடிப்படி கூட்டுவது, பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது. அதன் கீழே இந்த வாரம் புதிதாக ஒரு வரிசை: 'பாஸ்டர்.'

திங்கள்: கோகிலன் (சாமி மேல சந்தேகம்) என்று ஆரம்பித்து, நாளுக்கு இரண்டு மூன்று பேராக இறங்கியது அது. அப்புத்துரை கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். கடைசி வரிக்கு வந்தார்.

வெள்ளி: ஷர்வின் (தூக்கம் வரல).

ஷர்வின் என்ற பெயர் கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது. பக்கத்தில், சிவப்பு மையில்: 'காய்ச்சல். அவனுக்குப் பதிலா நான் போறேன். – புஷ்பராணி.'