ஐம்பத்து மூன்று கட்டங்கள்

யாருக்கு வேலை பார்க்கிறாய் என்று கேட்டுக்கொண்டே கணவன் அவளுடைய வலது கை விரல்களைக் கதவிடுக்கில் வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை, பதினொரு மணி. குக்கரில் இரண்டு விசில் வந்திருந்தது.

மேசையில் அவள் லேப்டாப். அதில் அவளுடைய ப்ரொஃபைல் பக்கம். புரோகிராம் எழுதுகிறவர்களுக்கெல்லாம் அப்படி ஒரு பக்கம் உண்டு. நாளுக்கு ஒரு கட்டம். எதையாவது எழுதிச் சேர்த்த நாளின் கட்டம் பச்சையாகும்.

அவன் அவளை வேலையை விடவைத்து ஒன்றரை வருடம் ஆகிறது. பக்கம் வெளுத்துக் கிடந்திருக்க வேண்டும். ஐம்பத்து மூன்று கட்டங்கள் பச்சை. பொங்கலன்றுகூட.

என்ன எழுதினாள் என்பதைப் பூட்டித்தான் வைத்திருந்தாள். எழுதிய நாள்கள் மட்டும் வெளியே தெரியட்டும் என்று ஒரு டிக் போட்டிருந்தாள். யாராவது பார்த்துக் கேட்க மாட்டார்களா என்ற நப்பாசை.

பார்த்தவன் இவன்தான்.

கதவைச் சாத்தினான்.

அவள் கத்தவில்லை. பக்கத்து ஃப்ளாட்டுக்குக் கேட்டால் இன்னும் அடி விழும்.

பூட்டி வைத்திருந்ததை லேப்டாப்பில் இடது கையால் திறந்து காட்டினாள்.

ஒரே ஒரு கோப்பு. தேதி, நேரம், எதை எடுத்து அடித்தான், எங்கே பட்டது. நாளுக்கு ஒரு வரி.

படித்தான். சிரித்தான். இனி அவள் எழுதுவது எதுவும் தன் கண்ணுக்குத் தப்பக் கூடாது, தன்னையும் உள்ளே சேர்க்க வேண்டும் என்றான். அலுவலகத்தில் முப்பது பேர் எழுதுவதும் இவன் பார்த்துக் குறிப்புப் போட்டால்தான் நகரும். வீடு மட்டும் என்ன விதிவிலக்கா.

சேர்த்தாள்.

தன் லேப்டாப்பை எடுத்துவந்து சோபாவில் சம்மணமிட்டு உட்கார்ந்தான். ஒரு பிழையையும் விடமாட்டான் என்று பேர் வாங்கியவன். அந்தக் கை சும்மா இருக்குமா.

பதினேழாவது வரியில் முகம் சுளித்தான்.

"பொய் எழுதாத. அன்னிக்கு பெல்ட் இல்ல. சார்ஜர் வயர்."

சொன்னதோடு நிற்கவில்லை. அந்த வரிக்குக் கீழேயே தட்டினான். முப்பத்தோராவது வரியில், மூன்று தடவை அல்ல, இரண்டுதான் என்று. நாற்பதாவதில், தள்ளியது சரி, இடம் மாடிப்படி இல்லை, பாத்ரூம் என்று.

ஒவ்வொரு திருத்தத்தின் பக்கத்திலும் தினகர் வரதராஜன் என்ற முழுப் பெயர். நேரம். டை கட்டிய படம்.

முடித்துவிட்டு, சாப்பாடு எடுத்துவைக்கச் சொல்லிக் குளிக்கப் போனான்.

அவள் தன் லேப்டாப்பை அருகே இழுத்தாள். அவன் குளித்து வரப் பத்து நிமிடம் ஆகும்.

பூட்டைத் திறந்தால் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், நகல் எடுக்கலாம், சம்மதமா என்று திரை கேட்டது. சம்மதமென்றால் கோப்பின் பெயரை முழுதாகத் தட்டச் சொன்னது.

இடது கை ஒற்றை விரலால் தட்டினாள்.

சோபாவில் அவன் லேப்டாப் திறந்தே கிடந்தது. அதில் அவனுடைய அலுவலகக் குழுவில் கோப்பின் முகவரியைப் போட்டாள்.

செருப்பை மாட்டும்போது அவன் போன் அடித்தது. நின்றது. மறுபடியும் அடித்தது.

"யாருன்னு பாரு" என்றான் குளியலறையிலிருந்து.